அடிமணல்

என் தாய்மாமன் மேல் எனக்கிருந்த கோபத்தை யாராலும் ஆற்ற முடியவில்லை. மீன்தானே என்று சமாதானம் சொல்ல வந்தவர்களையும் சேர்த்தே வெறுத்தேன்.

தாய் தகப்பன் இல்லாத மாமா, திருச்செங்கோட்டில் அக்கா வீட்டிலேயே, அதாவது எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போர் போடப் போவார். ராமநாதபுரத்துப் பக்கம் போனவர் ஒருமுறை கேன் கேனாகக் கடல் தண்ணீரும், ஈரம் காயாத ஒரு சாக்குக் கடல்மணலும், வரிபோட்ட இரண்டு மீன்களும், ஒரு கைப்பிடி நத்தையும் கொண்டுவந்து இறக்கினார். கண்ணாடித் தொட்டி செய்து, காற்று மோட்டார் வைத்து, முன்னறையில் நிறுத்தினார். கடலையே பார்க்காத எனக்காக என்றார்.

மீனைவிட மணல்தான் முக்கியம் என்று அங்கே ஒரு மீன்காரர் சொல்லி அனுப்பியிருந்தாராம். அதை மாமா எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மேல்மணல நத்த கிண்டிக்கும் சாமி. அடிமணல மட்டும் தொட்டுப்போடாத. அதக் கலக்குனா மீனு செத்துப்போகும்."

நான் தொடவில்லை. பள்ளி விட்டு வந்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நத்தைகள் உழுதுவிட்டுப் போன கோடுகளும், நூல்போல நெளியும் புழுக்களும் தெரியும். நாளாக ஆக மணலின் அடியில் கருப்பாக ஒரு பட்டை ஏறியது. மாமாவிடம் காட்டினேன். கெட்டதெல்லாம் கீழே போய்ப் படுத்திருக்கிறது, அது அங்கேயே கிடக்கட்டும் என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்குப் பெண் கொடுக்க, நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக இருந்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், நிலைக்கு வர்ணம் பூசினார்கள். அவர்கள் வரவேண்டிய அன்று பள்ளியிலிருந்து திரும்பினால், தெருமுனையிலேயே கூமுட்டை நாற்றம்.

போர் போட்டு முடித்ததும் குழிக்குள் காற்றடித்து அடிச்சேற்றை வெளியே தள்ளுவார்கள். ஃப்ளஷிங் என்பார்கள். அந்த வேலையை மாமா என் தொட்டியில் செய்திருந்தார். லாரி டயருக்குக் காற்றடிக்கும் குழாயை ஜன்னல் வழியே இழுத்து வந்து அடிமணலில் சொருகியிருந்தார். தண்ணீர் மையாகக் கருத்துக் கிடந்தது. மீன்கள் இரண்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

தெரியாமல் செய்திருந்தால் விட்டிருப்பேன். எல்லாம் தெரிந்த மனிதர். எனக்குப் படித்துப் படித்துச் சொன்ன அதே மனிதர். எதுக்குப் பண்ணுனீங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"நாந்தான் பண்ணிப்போட்டேன் சாமி," என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. கையில் கிடைத்த சொம்பை வீசினேன். நெற்றியில் பட்டு வீங்கியது.

சாயங்காலம் வந்த பண்ணைக்காரர் வாசற்படியிலேயே மூக்கை உறிஞ்சினார். "கூமுட்ட எங்கியோ ஒடஞ்சிருக்குதுங்களா?" என்றார். வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணும் கொடுத்தார்கள். என் மீன்களைக் கொன்றவருக்கு மாலையும் லட்டும் புதுப் பொண்டாட்டியும் கிடைத்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த முறை கடல் தண்ணீர் கேன்களோடு வந்து நின்றார். அத்தனையையும் அவர் கண்முன்னால் சாக்கடையில் கவிழ்த்தேன். அதன்பிறகு கடைசிவரை, அவர் கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான் அவருக்கு என்னிடமிருந்து கிடைத்தது.

அவர் காலமாகி ஒரு வருஷம் கழித்து, ஏதோ பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள்.

"அவன் வேண்டாக்கா, வேண்டாக்கான்னுதான் சொன்னான். பொண்ணு ஊட்டுக்காரங்க பாத்தா சேறு கட்டுன தொட்டீம்பாங்க, அடிச்சுக் கழுவுடான்னு நாந்தான் வெரட்டுனேன். கொழாயப் புடிச்சதும் நாந்தான்."

அவர் போனபிறகு இந்த உண்மையை யார் கேட்டார்கள்? இருந்தபோது அம்மா வாயைத் திறந்திருக்கலாம். அவராவது ஒருநாள் சொல்லித் தொலைத்திருக்கலாம். வளர்த்த அக்காவைக் காட்டிக்கொடுக்காத பெருமையை அவர் வைத்துக்கொண்டார், எனக்குக் கோபத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அதை யார் மேல் காட்டுவது?

அன்றைக்கே எல்லாம் என் கண்ணெதிரில்தான் இருந்தது. அம்மாவின் சேலையில் முழங்கால்வரை கருமணல் அப்பியிருந்தது. மாமாவைத் தடுக்கப் போனதில் தெறித்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சேலையில்தான் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நாற்றம் மூக்கில் ஏற ஏற, அவரைத் திட்டித் திட்டி அழுதேன். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.