பூவாத்தாளின் பூண்டுப் பாத்தி

"அம்மிணி, இது என்ன செடின்னு தெரியுதுங்களா?" என்று பூவாத்தாள் கேட்டாள்.

நான் கிணற்றடியில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவள் மாட்டுக்கொட்டிலை ஒட்டிய பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"சம்பங்கி. அத்தை சொன்னா," என்றேன்.

"உங்க அத்தைக்கு ஆரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. இலையைப் பார்த்துத் தானே கண்டுபிடிச்சா. முதல் பூ பெருமாளுக்குன்னு வேண்டிண்டிருக்கா."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் குலுங்கிச் சிரித்தாள். பிறகு ஓர் இலை நுனியைக் கிள்ளிக் கசக்கி என் மூக்கருகே நீட்டினாள். "இப்பச் சொல்லுங்க."

மண்டி மொஹல்லாக் கடைத்தெருவில் மளிகைக் கடைகளைக் கடக்கும்போது வரும் வாசனை. "பூண்டா?" என்றேன்.

"மெதுவாங்க! உங்க அத்தை காதுல உளுந்தா எம்பட பொழப்பு போச்சு."

"தெரிஞ்சும் எதுக்கு நட்டே?"

"மாதம்மாளுக்குத்தான். மாசியில பெக்கப்போறா. இந்தத் தடவையாச்சும் அவளுக்குப் பால் ஊறோணுமல்லங்க." சிரிப்பு போய்விட்டது. "சொல்லீராதீங்க, அம்மிணி."

சொல்லமாட்டேன் என்றேன். அது எனக்குக் கஷ்டமான காரியமில்லை. நான் யாரோடும் அதிகம் பேசுகிறவள் அல்ல.

பூவாத்தாள் கொள்ளேகாலத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பிறந்தவள். கணவன் மாரிசாமி மண்டியில் மூட்டை தூக்க வந்தவன். நாலு வருஷத்தில் காய்ச்சலில் போய்விட்டான். கைக்குழந்தையான மகள் மாதம்மாளோடு அவள் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, மாடு பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் வீட்டை நடத்தியவள் அப்பாவின் தமக்கை ஜயம்மா. பன்னிரண்டு வயதில் விதவையானவள். கொட்டிலை அடுத்த அறையைப் பூவாத்தாளுக்குக் கொடுத்தபோது அத்தை ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கவிச்சியும் பூண்டும் அந்த அறையில் கூடாது.

பூவாத்தாள் இருபது வருஷம் அந்தச் சொல்லைக் காத்தாள். மாதம்மாளின் முதல் பிரசவத்தின்போதும் காத்தாள். ஒரு பல் பூண்டுகூட அடுப்பில் வைக்கவில்லை. மாதம்மாளுக்குப் பால் சரியாக ஊறவில்லை. அத்தை தினம் இரண்டு வேளை தன் கையாலேயே பசும்பால் கறந்து கொடுத்தும், குழந்தை முப்பத்திரண்டாம் நாள் போய்விட்டது. யாரும் பூவாத்தாளைக் குறை சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டாம். பெண் உண்டான ஐந்தாம் மாதம் அவளைப் பெற்றவள் தன் கையால் பூண்டு நட வேண்டும். வயிற்றில் பிள்ளை முற்றும்போது மண்ணுக்குள் பூண்டும் முற்றும். கடைப் பூண்டு அதற்கு ஆகாது. மாதம்மாள் மறுபடி உண்டான வெகுதானிய வருஷம், தீபாவளி கழிந்ததும் பூவாத்தாளின் அண்ணன் ஊரிலிருந்து விதைப்பூண்டு கொண்டுவந்தான். பல் பல்லாகப் பிரித்து, கூர்முனை மேலே இருக்கும்படி, நாலு விரல் இடைவெளியில் நட்டாள். மேலே சாம்பலும் மக்கிய சாணமும் தூவினாள்.

அத்தை பூண்டுச் செடியைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பச்சைப் பசேலென்று நீண்ட இலைகளைக் கண்டதும் சம்பங்கி என்று முடிவு கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுக் கௌரம்மாவிடம் சுவருக்கு மேலாக "நம்ம சுகந்தராஜா ஹேகிதெ நோடி" என்று, சம்பங்கியைக் காட்டிக் கன்னடத்தில் பெருமையடித்துக்கொண்டாள். தினமும் குளித்துவிட்டு, மடி ஆசாரத்தோடு இரண்டு குடம் தண்ணீர் இறைத்து ஊற்றினாள். "உங்க அத்தை கை நல்ல ராசியான கையிங்க," என்று பூவாத்தாள் என்னிடம் கண்ணைச் சிமிட்டுவாள்.

தை பாதியில் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாயின. பூண்டு முற்றுகிறது, இனித் தண்ணீரை நிறுத்த வேண்டும். அத்தைக்கோ செடி வாடுவதாகப் பட்டது. இரண்டு குடம் நாலு குடமாயிற்று. "ஈரத்துல அத்தனையும் அளுகிப் போயிருமுங்க," என்று பூவாத்தாள் கையைப் பிசைந்தாள். தண்ணீர் நான் ஊற்றுகிறேன் என்று அத்தையிடம் சொல்லி, குடத்தை வாழையடியில் கவிழ்த்து வந்தேன். மூன்றாம் நாளே அத்தை பாத்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புஸ்தகம் படிக்கிறவளை நம்பினா இப்படித்தான்," என்று குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை அத்தை குடத்தைச் சாய்க்கும்போது பூவாத்தாள் பாத்திக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"போதுமுங்கம்மா. ஊத்தாதீங்க."

"பெருமாளுக்கு வெச்ச செடி காஞ்சு போறது, குறுக்கே வந்து நிக்கறியேடி!"

"காயோணுமுங்க. காஞ்சாத்தான் முத்தும்."

"காஞ்சு முத்தற சம்பங்கி எந்த ஊர்லடி இருக்கு?"

"இது சம்பங்கி இல்லீங்க. பூண்டுங்க."

அத்தை குடத்தைக் கீழே வைத்தாள். தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தாள். "மூணு மாசமா இதுக்கா நான் மடியா தண்ணி எறைச்சேன்?"

"ஆமாங்க. அதான் இத்தனை நல்லா வந்திருக்குது."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அத்தை என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. "இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ளே அத்தனையையும் பிடுங்கி எறி. எறிஞ்சுட்டு வேற இடம் பார்த்துக்கோ."

"போன தடவை உங்க சொல்லுக்குக் கட்டுப்பட்டேனுங்க," என்றாள் பூவாத்தாள். குரல் உயரவில்லை. "அந்தக் குளந்தையை நீங்களும் மடியில வெச்சிருந்தீங்க. இந்தத் தடவை மட்டும் என்னால முடியாதுங்க. அவ பெத்து எந்திரிக்கட்டும், நானே போயிக்கிறேன்."

அத்தை உள்ளே போய், குளித்த தலைக்கு மறுபடியும் குளித்தாள். மத்தியானம் சாப்பிடவில்லை. வெயில் தாழ்ந்ததும் கொல்லைக்கதவில் நின்று, பூவாத்தாளைப் பார்க்காமல் கேட்டாள்: "எப்போ பிடுங்கணும்?"

"இன்னும் பதினெட்டு நாளுங்க."

"மருந்துதானே. அதுவரைக்கும் யார் கேட்டாலும் சம்பங்கி. அடுப்பு மட்டும் கொட்டிலுக்கு அந்தண்டை இருக்கட்டும்."

ஓர் ஓரம் அழுகியது போக, நாற்பது பூண்டு தேறியது. பூவாத்தாள் தன் அறையின் உத்தரத்தில் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டாள். மாசி கடைசியில் மாதம்மாளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவனுக்கு இப்போது ஆறு வயது. போன ஆவணியில் பூவாத்தாள் இறந்தபோது நெய்ப்பந்தம் பிடித்தவன் அவன்தான். பால் ஊறியதற்கு டாக்டர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும். அவன் பிறந்த மூன்றாம் நாள் மாலைதான் எனக்குத் தெரியும்.

மாதம்மாளுக்கு ஜுரம். குழந்தை முலையைப் பற்றுவதும் விட்டுவிட்டு அழுவதுமாக இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு பூவாத்தாள் கொட்டிலுக்கு அப்பால் நடையாய் நடந்தாள். கீழே விட்டால் வீறிட்டது. அடுப்பில் பால் பொங்கத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு முழுப் பூண்டு உரிக்காமல் கிடந்தது. நான் அதுவரை பூண்டை விரலால் தொட்டவளில்லை. அது அவளுக்கும் தெரியும். ஒரு கணம் தயங்கினாள்.

"எனக்குக் கை ஒழியலீங்க அம்மிணி. ஒரு நாலு பல்லு உரிச்சுப் பாலுல போடறீங்களா?"