எதிர்வீட்டு ஜன்னலில் ரொட்டி

ஒன்பது வயதில் எங்கள் வீட்டின் வெளியுறவு அமைச்சர் நான்தான். பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டில், கடிதம் வந்தாலும் கதவு தட்டப்பட்டாலும் பிரெஞ்சு பேச என்னைத்தான் முன்னே தள்ளுவார்கள்.

அது 2009. வன்னியில் சண்டை முடிந்து மாதங்கள் ஆகியும் அங்கிருந்த மாமாவைப் பற்றித் தகவல் இல்லை. அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. செய்யவேண்டியதைச் செய்துவிடுவோம் என்று அப்பா மெல்ல ஆரம்பித்தாலே அம்மா சீறுவார்.

"செத்தவைக்குத்தான் காகத்துக்குச் சோறு வைக்கிறது. என்ரை தம்பி இருக்கிறான்."



எதிர்வீட்டில் பக்தாத் பெண்மணி ஒருவர் தனியாக இருந்தார். அரபியில் கவிதை எழுதுபவர். முற்றத்தைப் பார்த்த அவருடைய ஜன்னல் விளிம்பில் தினமும் காலையில் ரொட்டித் துண்டுகள் கிடக்கும். அம்மா பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார். ஜன்னலில் உணவு வைத்தால் அது காகத்துக்கு, காகத்துக்கு என்றால் வீட்டில் சாவு. உலகம் முழுவதும் இதுதான் வழக்கம் என்று நம்பினார்.

"பாவம், ஆரையோ பறிகுடுத்திட்டா. போய் ஆர் எண்டு கேட்டுக்கொண்டு வா, பிள்ளை."

நான் போய், உங்கள் வீட்டில் யார் செத்தது என்று நேராகவே கேட்டேன். அவர் முகம் வெளிறிவிட்டது. பிறகு என்னை உள்ளே இருத்திப் பொறுமையாகச் சொன்னார். யாரும் சாகவில்லை. ரொட்டியைக் குப்பையில் போடுவது பாவம், பறவைகளாவது தின்னட்டும் என்று வைக்கிறார். அவர்களுடைய கவிதைகளில் வீடு என்று எழுதவேண்டிய இடத்தில் சாவி வருமாம். நம்பிக்கைக்கு மழை. மனிதனுக்கு ரொட்டி. மகன் ஒருவன் உண்டு, ஆறு வருடமாகத் தகவல் இல்லை, அவ்வளவுதான் என்றார்.

நான் ஒரே ஓட்டமாகத் திரும்பி வந்தேன்.

"அம்மா, அது உயிரோடை இருக்கிறவைக்கு! அவவின்ரை மகனும் மாமா மாதிரித்தான், இன்னும் வரேல்லை."

"எத்தினை வருசமாம்?"

"ஆறு!"

அதை அவ்வளவு உற்சாகமாகச் சொன்னேன். அம்மா எதிர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்து வந்த அமாவாசையன்று அம்மா விடியவே தலைமுழுகி, மாமாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, வாழையிலைத் துண்டில் ஒரு பிடி சோற்றை எங்கள் ஜன்னலில் வைத்தார்.

"உயிரோடை இருக்கிறவைக்குத்தானே, அம்மா?"

"ஓம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல செய்தி கொண்டுவந்தவள் நானல்லவா! எதிர் ஜன்னலில் நின்றவர் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார். அப்பா சமையல் நடந்த குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சற்று நேரத்தில் புறாக்கள் வந்தன. அம்மா தோளில் கிடந்த துவாயை வீசிக் கலைத்தார். மறுபடி வந்தன, மறுபடி கலைத்தார். உயிரோடு இருப்பவர்களுக்கு வைத்த சோற்றைப் புறா தின்றால் என்ன என்று நான் பசியில் சிணுங்கினேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. மத்தியானம் கடந்து ஒரு காகம் வந்து கொத்தும்வரை எங்களில் யாருக்கும் சோறு போடவில்லை.