சுக்கிரனை விழுங்கிய பாடம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். ஏழாம் வகுப்பில் அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. மனசுக்குள் படிக்கத் தெரியாது. தெருவுக்கே கேட்கும்படி ஒப்பிப்பேன். சூரியன் சாகும்போது கோள்களுக்கு என்ன ஆகும் என்று டீச்சர் சொன்னதையும் அப்படித்தான் தினமும் ஒப்பித்தேன். பக்கத்தில் காய்ந்த காய்களிலிருந்து பருத்தியை உரித்துக்கொண்டே அத்தை கேட்டுக்கொண்டிருப்பாள். அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. இருபது வயதுகூட நிறையவில்லை.

அந்த மாசியில் அரியலூர்ப் பக்கத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அப்பாவைவிட மூத்தவர். சிமெண்ட் ஏற்றும் லாரிகள் வைத்திருந்தார். முதல் மனைவி இறந்து வருஷம் திரும்பவில்லை. வேண்டாம் என்று அத்தை சோறு தின்னாமல் கிடந்தாள். "லாரி வச்சிருக்கவருக்கு என்ன கொறச்சல்?" என்று அப்பா கேட்டதோடு பேச்சு முடிந்துபோனது.

வீடெல்லாம் பருத்தி அம்பாரம். வந்தவர்கள் அதன் ஓரமாக உட்கார்ந்து, வேட்டியில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்தபடி ஜாதகம் பேசினார்கள்.

"பையனுக்கு சுக்கிர தசை ஆரம்பிச்சிருச்சுங்க. இனிமே தொட்டதெல்லாம் பொன்னு" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பினார். "பாப்பா படிக்குதாமே? எதாச்சும் சொல்லு கண்ணு, கேப்போம்."

நான் திருக்குறளுக்கு வாயைத் திறந்தேன். காபித் தட்டோடு நின்ற அத்தை, குனிந்த தலை நிமிராமல், "அந்தச் சூரியன் பாடத்தச் சொல்லுடி" என்றாள்.

சொன்னேன். சூரியன் சாவதற்கு முன்னால் ஊதிப் பெருத்துச் சிவக்கும். முதலில் புதனை விழுங்கும். அடுத்து வெள்ளியை.

"வெள்ளின்னா?" என்றார் தாய்மாமன்.

"சுக்கிரன்தாங்க. துளிகூட மிஞ்சாதுங்க."

"அப்ப சனி?"

"சனி தூரமா இருக்குங்க. அதுக்கு ஒன்னும் ஆவாது."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நல்ல காரியம் பேசுகிற இடத்தில் பிள்ளை வாயில் வருவதுதான் சகுனம் என்பார்கள் எங்கள் பக்கம். "போயிட்டுத் தகவல் சொல்றோம்" என்று எழுந்தவர்களிடமிருந்து தகவலே வரவில்லை.

அப்பா கொதித்தார். "படிக்க வச்சதுக்கு இதான் பலனா? நாளையிலேருந்து இவளும் பருத்தி எடுக்கப் போவட்டும்!"

"இவ பங்கையும் சேத்து நானே எடுக்கறேண்ணே" என்றாள் அத்தை. "அவ பள்ளிக்கூடம் போவட்டும்." அண்ணனிடம் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போது அத்தை கேட்டாள்: "மிச்சக் கோளெல்லாம் அப்பறம் என்னடி ஆவும்?"

"சூரியன் பாதி ஒடம்ப வெளிய ஊதித் தள்ளிட்டு, செத்துச் சின்னதா சுருங்கிரும் அத்தை. முன்ன மாதிரி இழுத்துப் புடிக்க அதால முடியாது. மிச்சமெல்லாம் இன்னும் தூரமா விலகிப் போயிச் சுத்தும். ஒரே இருட்டு, ஒரே குளிரு."

"ஆனா இருக்கும்ல?"

"இருக்கும்."

அத்தை சிரித்தாள். அத்தனை இருட்டிலும் குளிரிலும் தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பதில் என்ன சந்தோஷம் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.