பாயம்மாவின் பம்புசெட் பங்குகள்

“உங்க ஊருல இந்த வாரம் எத்தனை மோட்டாரு எரிஞ்சுது ராமக்கா?”

புளிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து, முதல் நாள் பங்கு விலை அச்சான பத்திரிகையை மடியில் விரித்துக்கொண்டு அக்தர் பேகம் கேட்கும் கேள்வி இது. தர்மபுரியில் அவர் வீட்டுப் பின்கட்டில் ஏழெட்டுப் பெண்கள் கூலிக்குப் புளி தட்டுகிறார்கள். ஓடு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம், ஊர்க்கதை எல்லாப் பக்கமும். இண்டூரிலிருந்து வரும் ராமக்காள் கையை நிறுத்தாமலே பதில் சொல்வார்: “ரெண்டுங்க பாயம்மா. மூணாவதும் இருமிக்கிட்டுத்தான் கெடக்குது.”

பட்டணத்துக்காரர்கள் பங்கு வாங்குவதற்கு என்னென்னவோ புத்தகமெல்லாம் படிக்கிறார்களாம். பேகத்துக்கு இந்தப் பெண்கள்தான் எல்லாம். எந்தச் சோப்பு இரண்டு நாளில் கரைகிறது, எந்தச் செருப்பு வார் அறுகிறது, எந்த மோட்டார் தண்ணீரை மேலே தூக்குகிறது என்று அவர்கள் வாயிலிருந்து வந்த பிறகுதான் ஒரு கம்பெனியின் பெயர் அவர் வாயில் வரும்.

வங்கியில் போட்டு வட்டி வாங்குவது அவர் மார்க்கத்தில் ஆகாது. நகையாக வாங்கிப் பூட்டி வைக்கவும் மனம் வரவில்லை. “தொழில்ல கூட்டு சேர்ந்தா லாபமும் வரும், நட்டமும் வரும். அது வியாபாரம். அதுல என்ன தப்பு?” என்பார். சாராயம், சிகரெட், வட்டிக் கம்பெனி மூன்றையும் தொடமாட்டார். கணவர் அப்துல் ஷுக்கூர் புளி மூட்டைகளோடு சேலம் போகும்போது, அங்கே குப்புராஜ் என்ற பங்குத் தரகரிடம் மனைவி எழுதிக் கொடுத்த சீட்டைச் சேர்த்துவிட்டு வருவார். அவருக்குப் பங்கில் நம்பிக்கை கிடையாது. மனைவியிடம் பயம் உண்டு, அவ்வளவுதான்.

அப்படி வாங்கியவைதான் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பம்புசெட் கம்பெனி ஒன்றின் முந்நூறு பங்குகள். மகள் வஹிதாவை ஆசிரியர் பயிற்சியில் சேர்ப்பதற்கென்று மிச்சம் பிடித்த பணம் முழுவதும் அதில்தான் இருந்தது. அந்தக் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் பெண் வஹிதா.

இருபது ரூபாய்க்கு வாங்கிய பங்கு எண்பத்தாறாம் வருடம் ஐம்பதைத் தொட்டது. அந்த ரமலானில் ஐம்பது ரூபாய் விலைக்கே ஜகாத் கொடுத்தார் பேகம். “கையில வராத காசுக்கு யாராவது தர்மம் குடுப்பாங்களா?” என்று ஷுக்கூர் புலம்பியது காதிலேயே ஏறவில்லை. ஏறிய விலை தலைக்கும் கொஞ்சம் ஏறத்தான் செய்தது. குப்புராஜ் சொன்னாரென்று ஒரு டி.வி. கம்பெனியிலும் நூறு பங்கு வாங்கிப்போட்டார். அந்தத் தெருவிலேயே டி.வி. பெட்டி இருந்தது ஒரே ஒரு வீட்டில்! அடுத்த வருடம் அந்தப் பங்கு மூன்று ரூபாய்க்கு வந்து நின்றது. “நம்ம பொம்பளைங்க ஒருத்தி வூட்டுலயும் பாக்காத பொருளைப் போயி வாங்குனேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும்” என்று இன்றைக்கும் அவரே சொல்லிச் சிரிக்கிறார்.

ஆனால் அந்த எண்பத்தேழாம் வருடம் சிரிக்கிற வருடமாக இல்லை. பம்புசெட் பங்கும் பதினேழுக்கு இறங்கியது. வஹிதாவுக்குச் சேலத்தில் இடம் கிடைத்த கடிதமும் அதே வாரம் வந்தது. ஷுக்கூர் சேலத்திலிருந்து திரும்பி, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“எல்லாரும் வித்துட்டு ஓடறாங்க அக்தர். குப்புராஜும் வித்துடச் சொல்றாரு. இருக்கறதையாவது காப்பாத்திக்கலாம். மொத வருஷ பீசு கட்டிடலாம்.”

“ரெண்டாவது வருஷத்துக்கு? பாதியில புள்ளையக் கூட்டிட்டு வந்து புளி தட்ட வெக்கிறதா?”

அப்படிக் கேட்டுவிட்டாலும் பேகத்துக்கு, மகள் படிப்பைத் தானே கொண்டுபோய்ச் சூதில் வைத்துவிட்டோமோ என்று அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை. மறுநாள், அந்தக் கம்பெனி மோட்டார் எப்படி ஓடுகிறதென்று ராமக்காளைக் கேட்டார். அது மழை பொய்த்த வருடம்.

“தண்ணி அடியில போயிருச்சுங்க பாயம்மா. மத்த மோட்டாரெல்லாம் படுத்துக்கிச்சு. இந்த ஒண்ணுதான் இன்னும் இழுக்குது. எங்க சென்றாயன் மாமன் மாட்டை வித்துட்டு அதுக்குப் பணம் கட்டியிருக்கறாரு. இன்னும் வரலை.”

பேகம் புர்காவை மாட்டிக்கொண்டு நேரே கடைத்தெரு மோட்டார் கடைக்குப் போய், வாங்க வந்தவர்போல் அந்த மோட்டாருக்கு விலை கேட்டார். “இருபது நாளாகுங்கம்மா. உங்களுக்கு முன்னாடி பதினோரு பேரு நிக்கறாங்க” என்றார் கடைக்காரர். அந்தப் பதினோரு பேரும் தனக்காகவே நிற்பதுபோல் பேகத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“விலை எறங்குனது சேலத்துல. மோட்டாரு இண்டூர்ல ஓடுது. நான் விக்கமாட்டேன்” என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அதற்காக முதல் வருடப் பணம் வானத்திலிருந்தா விழும்? டி.வி. பங்குகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள். நல்ல விலைக்கென்று ஐப்பசிவரை வைத்திருக்கும் புளியை ஆனியிலேயே விற்றார்கள். புளி மண்டியில் அத்தனை பேரும் ஷுக்கூரைக் கேலி செய்தார்கள். வஹிதா பெட்டியோடு பஸ் ஏறினாள்.

ஒரு வருடம் போனது. போன மாதம் பம்புசெட் பங்கு முப்பத்தெட்டுக்கு விற்றது. நூறு பங்கை விற்று இரண்டாம் வருடப் பணம் முழுவதையும் கட்டியாயிற்று. ரசீதைக் கொண்டுவந்து கொடுத்த ஷுக்கூர், “அடுத்து என்ன கம்பெனி வாங்கறோம்?” என்று கேட்டாராம். மனுஷன் எப்படி மாறிவிட்டார் பாருங்கள்!

மிச்சமிருந்த இருநூறில் பத்துப் பங்குகளை ராமக்காள் பெயருக்கு மாற்றுவதற்குப் பேகம் மாற்றுப் படிவம் வரவழைத்தார். ராமக்காள் பதறிப்போனார்.

“எனக்கெதுக்குங்க பாயம்மா இதெல்லாம்? அதான் கூலி குடுக்கறீங்களே.”

“கூலி புளிக்கு. இது மோட்டாருக்கு. கெளம்பு.”

ராமக்காளுக்குக் கையெழுத்துத் தெரியாது. கைநாட்டு என்றால் நோட்டரி வக்கீல் முன்னால்தான் வைக்கவேண்டும். வக்கீல் மேசைமேல் மைப்பெட்டியைத் திறந்துவைத்து, ராமக்காளின் கட்டைவிரலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அன்று காலை தட்டிய புளி விரலில் கறுத்துக் காய்ந்து அப்பியிருந்தது. “இதுல ரேகை எங்கம்மா விழும்?” என்றார். ராமக்காள் கூச்சத்தோடு கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

பேகம் அந்தக் கையை வெளியே எடுத்தார். வக்கீல் குடிக்க வைத்திருந்த டம்ளர்த் தண்ணீரை, அவரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு ராமக்காளை வாசலுக்கு அழைத்துப்போனார். விரலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, நகக்கண்வரை தேய்த்துக் கழுவி, தன் புர்காவின் ஓரத்தாலேயே ஈரம் போகத் துடைத்தார்.