பில்டர் கழுவாத நாள்

எங்கள் வீட்டில் அப்பாவும் மாமாவும் இரண்டு வருடங்களாகக் கதைத்துக்கொள்ளவில்லை. மாமா அம்மாவின் தம்பி. வவுனியாவில் ஒரு கராஜில் டீசல் எஞ்சின் வேலை பார்த்தவர், கராஜ் மூடிய பிறகு ஜெயபுரத்துக்கு எங்களோடு இருக்க வந்தார். ஒரே கிணறு, ஒரே குசினி, ஒரே சோற்றுப் பானை. கதை மட்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் எந்த ஒழுங்கையில் போனாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். கதை இல்லை என்று ஆகிவிட்டால் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்வார். பிள்ளை போய் மற்றவரிடம் சொல்லும். மறுமொழியும் அதே வழியால் திரும்பி வரும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே பிள்ளை நான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

கோபத்துக்குக் காரணம் அப்பாவின் இருசில்லு உழவு இயந்திரம். நாங்கள் அதை மெஷின் என்றுதான் சொல்வோம். சண்டை முடிந்து முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்து, தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு அப்பா வாங்கிய முதல் பொருள் அது. யாரோ ஓட்டிக் களைத்த மெஷின்தான். ஆனாலும் அப்பா அதைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல விடமாட்டார். கோயில் பொங்கலுக்கு விறகு ஏற்றிப் போன அன்று அது நடுவழியில் இருமி இருமி நின்றது. மாமா டாங்கி மூடியைத் திறந்து விரலை விட்டு, அடியில் கிடந்த கறுத்த ஊத்தையை வழித்தெடுத்து, நின்ற சனத்துக்கெல்லாம் காட்டினார். "இதைக் குடிச்சுக்கொண்டு எந்த எஞ்சின் ஓடும்?" என்றார். சனம் சிரித்தது. அன்றோடு கதை நின்றது. டாங்கியும் கழுவப்படவில்லை. கழுவினால் மாமா சொன்னது சரி என்று ஆகிவிடுமே.

நான் என் வேலையை நன்றாகச் செய்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு பேருடைய சொல்லிலும் முள் இருக்கும். முள்ளைக் கழற்றிவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். "அந்தப் புகைக்கூட்டை இண்டைக்காவது துடைக்கச் சொல்லு உன்ர கொப்பரை" என்பார் மாமா. நான் அப்பாவிடம் போய், "மாமா மெஷினைத் துடைச்சு வைக்கட்டாம்" என்பேன். "வேலை வெட்டி இல்லாதவருக்கு முருங்கைக்காய் பிடுங்கக் கை வருமோ எண்டு கேள்" என்பார் அப்பா. நான் மாமாவிடம், "அப்பா முருங்கைக்காய் பிடுங்கித் தரட்டாம்" என்பேன். மாமா மரத்தில் ஏறிவிடுவார். அன்றைக்கு முருங்கைக்காய்க் குழம்பு. அம்மா குசினிக்குள் நின்று, "இரண்டு ஆம்பிளையளுக்கும் வாயில என்ன புண்ணோ" என்று புறுபுறுப்பா. எனக்குப் பெருமையாக இருக்கும்.

பிறகு நாடு முழுக்க டீசல் இல்லாத வருடம் வந்தது. அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டீசல் ஊற்றுகிற எண்ணெய் ஷெட்டில் கானை வரிசையில் வைத்துவிட்டு அப்பா இரண்டு நாள் நின்றார். மூன்றாம் நாள் வெறுங்கானோடு வந்தார். மாசி மாதம், வயல் முற்றி விட்டது. நெல் வெட்டுகிற பெரிய மெஷின்காரர் டீசலை நீங்கள் தந்தால் வருகிறோம் என்றார்கள். டீசல் இருந்தால் அவர்களை ஏன் கேட்கிறோம். அப்பாவும் அம்மாவும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து அரிவாளால் வெட்டிக் கட்டி, சூடு மிதிக்கிற களமான களவெட்டியில் குவித்துச் சூடு வைத்தார்கள். சூடு வைத்த கதிரைப் பரப்பி, அதன் மேல் மெஷினைச் சுற்றிச் சுற்றி ஓட்டினால்தான் நெல் உதிரும். அதற்கும் டீசல் வேண்டும். அந்த நெல்தான் எங்களுக்கு வருடம் முழுக்கச் சோறு, அடுத்த போகத்துக்கு விதை.

அப்போதுதான் மாமா என்னைக் கூப்பிட்டு, "கொப்பரிட்டக் கேள், நான் எண்ணெய் காய்ச்சித் தந்தா மெஷினுக்கு ஊத்துவாரோ எண்டு" என்றார்.

அவர் கேட்டது வடை பொரித்துக் கழித்த எண்ணெயைப் பற்றி. பரந்தன் சந்தியில் உள்ள சாப்பாட்டுக் கடைகளில், இனிப் பொரிக்க முடியாது என்று கறுத்துப்போன எண்ணெயைத்தான் வாளியில் வாங்கிவந்தார். மெதனோல் வவுனியாவில் பழைய சிநேகிதன் ஒருவனிடமிருந்து வந்தது. சவர்க்காரம் செய்யப் பாவிக்கிற காஸ்டிக் சோடாவும் கொஞ்சம். அம்மாவின் பெரிய சட்டியைத்தான் எடுத்தார். "அந்தச் சட்டி இனி என்ர குசினிப் பக்கம் வரக்கூடாது" என்று அம்மா சொன்னா. அது இன்றைக்கும் வரவில்லை.

எண்ணெயைத் துணியில் வடித்து, கொதிக்க விடாமல், கை வைக்க முடியாத சூட்டுக்கு மட்டும் காய்ச்சி இறக்கினார். அடுப்பை நன்றாக அணைத்த பிறகுதான் மெதனோல் கானைத் திறந்தார். காற்று வருகிற பக்கம் என்னை நிற்கச் சொன்னார், மணந்து பார்க்கக் கூடாது என்றார். மெதனோலில் சோடாவைக் கரைத்து, அதை எண்ணெயில் ஊற்றி, ஒரு மணித்தியாலம் தடியால் கலக்கிவிட்டு வைத்தார். அடுத்த நாள் பார்த்தால் சட்டிக்குள் இரண்டு அடுக்கு. அடியில் பாகு மாதிரிக் கறுப்பாக ஒன்று, மேலே தேன் நிறத்தில் தெளிவாக ஒன்று. மேலே நின்றதை மட்டும் வடித்தெடுத்து, தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினார். கழுவின தண்ணீர் பாலாக இருந்து, பிறகு கஞ்சித் தண்ணீராகி, கடைசியில் கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிந்தது. ஈரம் போக வெயிலில் காய வைத்தார்.

"இதுதான் பயோடீசல்" என்றார். "டீசலை விட வழுக்கல் கூட, பம்புக்கு நல்லது. புகையும் குறையும். ஆனா ஒரு குணம் இருக்குப் பிள்ளை. போற இடமெல்லாம் கழுவிக்கொண்டுதான் போகும்."

கழுவுவது நல்ல குணம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா சம்மதித்தார். வேறு வழி இல்லாமல் சம்மதித்தார் என்பது சரி. முதல் நாள் முழுக்க மெஷின் ஓடியது. கறுத்த புகை கக்குகிற மெஷின், வெள்ளையாக இலேசாகப் புகைத்தது. சத்தமும் தணிந்திருந்தது. களவெட்டி முழுக்க வடை வாசம். பக்கத்து வளவுப் பிள்ளைகள் வாசத்துக்கே பின்னால் ஓடினார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து முகம் கழுவிய அப்பா என்னைப் பார்த்து, "எண்ணெய் பரவாயில்லை எண்டு சொல்லு" என்றார். இரண்டு வருடத்தில் முள் இல்லாமல் வந்த முதல் செய்தி. நான் ஓடிப்போய், "அப்பா எண்ணெய் திறமாம், நீங்கள் கெட்டிக்காரனாம்" என்றேன். மாமா சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் இவர்கள் நேரே கதைத்துவிடுவார்கள் என்று எனக்கு ஒரே சந்தோசம்.

அடுத்த நாள் விடியப் பஸ்ஸுக்கு மாமா வெறும் வாளிகளோடு பரந்தனுக்குப் புறப்பட்டார். வாசல் படலையடியில் நின்று என்னைக் கூப்பிட்டார். வழக்கம்போலச் சத்தமாகத்தான்.

"பிள்ளை, உன்ர கொப்பரிட்டச் சொல்லு. வாங்கின நாள் தொடக்கம் அந்த டாங்கியைக் கழுவாத மனுசன். அவ்வளவு வருஷத்து ஊத்தையும் இப்ப கரைஞ்சு எண்ணெய் வடிக்கிற பில்டருக்கு வந்திருக்கும். இண்டைக்கு எஞ்சினில கை வைக்க முதல் பில்டரைக் கழற்றிக் கழுவச் சொல்லு. மறந்துபோகாதை."

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு வருத்தம் இருந்திராது. கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்ற அப்பாவிடம் நடந்து போகும்போது, இந்தச் செய்தியில் எந்த முள்ளைக் கழற்றுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். ஊத்தை என்ற சொல்லைக் கழற்றினாலும் பில்டர் என்ற சொல் நிற்கும். பில்டர் என்றாலே டாங்கி, டாங்கி என்றாலே கோயில் பொங்கல், அந்த விரல், அந்தச் சிரிப்பு. நேற்றுத்தான் ஒரு நல்ல சொல் சொன்ன மனுசன். இன்றைக்கு இதைக் கேட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பில்டர் ஒரு நாள் கழுவாவிட்டால் என்ன வந்துவிடப் போகிறது.

"மாமா பரந்தனுக்குப் போட்டு வாறாராம்" என்றேன்.

அப்பா வாயைக் கொப்பளித்துவிட்டு என்னையே பார்த்தார். "வேற?" என்று கேட்டார்.

"வேற ஒண்டும் இல்லை" என்றேன்.

களவெட்டியில் "முடிஞ்சுது", "இல்லை", "நிண்டுபோச்சு" என்ற சொற்களைச் சொல்லக்கூடாது. சொன்னால் களத்தில் சேருகிற நெல், பொலி, குறையும் என்பார்கள். அதனால் மத்தியானம் மெஷின் இழுவை குறைந்து, விக்கி, அடங்கிப் போனபோது யாரும் வாய் திறக்கவில்லை. மிச்சச் சூடு முழுவதையும் பிரித்துப் பரப்பியிருந்தார்கள். அப்பா கைபிடியைப் போட்டுச் சுற்றினார். சுற்றச் சுற்ற இரண்டு இருமல், பிறகு மௌனம். ட்ரக்டர் வைத்திருக்கிற ஒருவர் வந்து பார்த்து, "கள்ள எண்ணெய் பம்பைத் திண்டிட்டுது போல" என்றார். அவருக்குப் பயோடீசலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தச் சொல் அப்பாவுக்குப் போதும்.

மூன்று மணிக்கு மழை வந்தது. மாசியில் யாரும் எதிர்பார்க்காத மழை. இருந்த தறப்பாள் கால்வாசிக் களவெட்டியைக்கூட மூடவில்லை. அம்மா கதிரை அள்ளி அள்ளி ஓடினா. நானும் ஓடினேன். அப்பா மட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார்.

மாமா எண்ணெய் வாளிகளோடு நனைந்து வந்து சேர்ந்தபோது, அப்பா இரண்டு வருடத்தின் பின் முதல் தடவையாக அவரோடு நேரே கதைத்தார்.

"உன்ர எண்ணெய் என்ர எஞ்சினைத் திண்டிட்டுது. இனி இந்த வளவுக்குள்ள நிக்காதை."

மாமா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நான் சொன்னதைச் சொன்னனியோ?"

"ஓம் மாமா. சொன்னனான்" என்றேன்.

சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தேன். இப்போது அவர், இவள் பொய் சொல்கிறாள், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா நிலத்தைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்காத அப்பா மேல் அந்த நேரத்தில் எனக்கு வந்த அன்பை என்னவென்று சொல்ல.

மாமா வாளிகளை வைத்துவிட்டுக் குந்தினார். பில்டரைக் கழற்றினார். அது முழுக்கக் கறுத்த களி. கழுவிப் பூட்டி, குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டு, கைபிடியை மூன்று தரம் சுற்றினார். மெஷின் ஓடியது. பம்புக்கு ஒன்றும் இல்லை, எஞ்சினுக்கும் ஒன்றும் இல்லை. அரை மணித்தியால வேலை. அதை ஓடவிட்டபடியே வீட்டுக்குப் போய், உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். அம்மா படலைவரைக்கும் அழுதுகொண்டு போனா. அப்பா ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார்.

நனைந்த நெல்லில் பாதி முளைத்துவிட்டது. அந்த வருடம் நாங்கள் முளைவாசம் அடிக்கிற சோறு தின்றோம். மாமா கல் ஏற்றுகிற டிப்பரில் வேலைக்குச் சேர்ந்தார். ஒன்றரை வருடம் கழித்து, புளியங்குளத்துக்குக் கிட்ட அந்த டிப்பர் புரண்டது. செத்தவீட்டில் அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் கடைசிவரை வாய் திறக்காமல் நின்றார். இப்பவும் கதை இல்லையோ என்று யாரோ பின்னால் பகிடி விட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் பொய்தான் மாமாவை அந்த டிப்பரில் ஏற்றியது என்று எனக்குத் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது நான் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் எஞ்சின் படிக்கிறேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். போன மாதம் பயோடீசல் பாடம் வந்தது. பழைய டாங்கியில் முதல் தரம் ஊற்றினால் அடியில் படிந்ததெல்லாம் கரைந்து வரும், முதல் டாங்கி முடிந்ததும் பில்டரைப் பார்க்காமல் எண்ணெயில் பழி போடக்கூடாது என்று ஆசிரியர் சொன்னார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். என் கை ஓடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனேன். அப்பா மெஷினுக்குக் கிறீஸ் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தா. இனி வைத்திருக்க முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். மாமா சொன்னதை நான் மறைத்தது, பிறகு சொன்னேன் என்று பொய் சொன்னது, அவர் போனது என்னால்தான் என்றது. அழுதழுதுதான் சொன்னேன். அப்பா கிறீஸ் கையைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கேட்டது, பிள்ளை" என்றார். "கிணத்தடிக்கும் படலைக்கும் எவ்வளவு தூரம்? அவன் சொன்னது ஒவ்வொண்டும் கேட்டது. நீ வந்து சொன்னாக் கழுவுவம் எண்டுதான் நிண்டனான்."

அவர்கள் இரண்டு பேருக்கும் எல்லாம் முதலே கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்பதும், ஒருவர் சொன்னதை மற்றவர் மானம் குறையாமல் செய்வதற்கு அது என் வாயால் ஒரு தரம் வரவேண்டியிருந்தது என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியாது.