மணலுக்கு இறக்கிய காற்று

டயர் கம்பெனியில் அப்போது எனக்குச் சேல்ஸ் வேலை. தங்கச்சிமடத்தில் எங்கள் டீலர் சூசை அண்ணன் கடைக்குப் போன முதல் நாளே, ஒருவர் கிழிந்த பைக் டயரைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார். மீனவர், பெயர் ஆரோக்கியம்.

"பாம்பன் பாலத்துல வெடிச்சிருச்சு சார். பின்னால இருந்த எம் பொண்டாட்டி கை ஒடிஞ்சு கெடக்குறா. இதுதான் ஒங்க டயரு லெச்சணமா?"

புரட்டிப் பார்த்தேன். சைடுவால், அதாவது டயரின் பக்கவாட்டு ரப்பர், சுற்றிலும் நைந்து நூல் பிரிந்திருந்தது. காற்றுக் குறைவாக ஓட்டினால்தான் இப்படி ஆகும். கம்பெனியிலிருந்து கிளெய்ம், மாற்று டயர் எதுவும் கிடைக்காது என்றேன். அவர் என்னை அடிக்காமல் போனது என் நல்ல நேரம்.

விஷயத்தைச் சூசை அண்ணன் விளக்கினார். மீன் ஏற்றக் கரைக்குப் போகிறவர்கள், மணலில் சக்கரம் புதையாமலிருக்கக் காற்றைப் பாதியாக இறக்கிவிடுவார்கள். ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடிக்க வேண்டும். "மீனு கெட்டுப் போயிருமேங்கற அவசரத்துல எவன் நிக்கிறான்?"

கடைச் சுவரில் கம்பெனியின் தகர போர்டு தொங்கியது. அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் மலை வளைவில் பைக்கைச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருப்பார். கீழே, 'காற்றைக் கவனி, உயிரைக் காப்பாற்று'. ராமநாதபுரம் ஜில்லாவில் மலைக்கு எங்கே போவது? இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் அந்த போர்டுக்கு அலைகிறார்கள். அன்று அதை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை.

மணல் பாதை தார் ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு கம்பம் நட்டு, போர்டை அங்கே மாட்டினோம். அடியில், யார் வேண்டுமானாலும் காற்றடித்துக்கொள்ளச் சங்கிலி போட்டு ஒரு கால்பம்ப். மேனேஜர் போனில் கத்தினார்: "டீலர் போர்டை ரோட்டுல நடச் சொன்னது யாருய்யா?"

அடுத்த முறை போனபோது பம்ப் தொட ஆளில்லாமல் மேலெல்லாம் துருவேறிக் கிடந்தது. எனக்கு வெறுத்துப்போயிற்று. அதன் பக்கத்தில் கையில் மாவுக்கட்டோடு ஒரு பெண் நின்றிருந்தார். ஆரோக்கியத்தின் மனைவி பிலோமினா. கட்டுப் பிரிக்க ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆரோக்கியம் கரையிலிருந்து பைக்கில் வந்து நின்றார்.

"ஏறு புள்ள, நேரமாச்சு."

"காத்த அடி, ஏறுறேன்."

"பாலந்தாண்டி அடிச்சுக்கிருவோம்."

"அன்னைக்கும் இதத்தான சொன்ன? இன்னொரு கையவும் ஒடிக்கணுமா?"

ஆரோக்கியம் என்னைப் பார்த்தார். இறங்கிப் பம்பை மிதித்தார். டயர் கல் மாதிரி இறுகும்வரை பிலோமினா ஏறவில்லை.

அடுத்த போர்டில் பைக் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிற மாதிரி படம் போடலாம் என்று ஆபீசில் சொன்னேன். சிரித்தார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓட்டுகிறவரிடம் பேசிப் பயனில்லை, அவருக்கு எல்லாம் தெரியும். பின்னால் உட்காருகிறவரிடம் சொல்லுங்கள். கை ஒடிவது அவருக்குத்தான்.