தரகர் பார்த்துக் கொடுத்த வேலை

கம்பெனியிலிருந்து போன் வந்தால் பிளேஸ்மென்ட் ஆபீசர் எழுந்து நின்றுதான் பேசுவார். எதிர்முனையில் இருப்பவர் பார்க்கப்போவதுபோலச் சட்டையை வேறு இழுத்துவிட்டுக்கொள்வார். மாணவர்களோ பெற்றவர்களோ கூப்பிட்டால் நாற்காலியில் சாய்ந்தபடி 'ம்' கொட்டுவதோடு சரி. அந்த மேலாண்மைக் கல்லூரியில் முதலில் மாணவியாகவும் பிறகு அவருக்கே உதவியாளராகவும் இருந்த அவள், இதை ஆறு வருடமாகப் பார்த்து வந்தாள். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'தரகர்'. மாப்பிள்ளை பார்ப்பதுபோல் ஆள் பார்த்துக் கொடுப்பார், இரண்டு பக்கமும் பொய் சொல்வார்.

அவளுடைய அப்பா தையற்காரர். அம்மாவுக்கு மருத்துவமனையில் துணி துவைக்கும் வேலை. எம்.பி.ஏ. முடித்தவள் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று சொல்ல அந்த வீட்டில் யாருமில்லை. கல்லூரிக்கு வந்த கம்பெனிகளில் பாதி, கடன் விற்கவும் காப்பீடு விற்கவும் ஆள் தேடின. கழுத்தில் 'மேனேஜ்மென்ட் டிரெய்னி' என்று அட்டையை மாட்டி வெயிலில் விரட்டும் வேலை. அவள் மனம் சரக்குப் போக்குவரத்தில் இருந்தது. எந்தக் கிடங்கில் எதை வைப்பது, எந்த லாரியை எப்போது கிளப்புவது என்று யோசிப்பதில் அவளுக்குத் தனி ருசி. அந்தத் துறையில் ஒரே ஒரு கம்பெனி வருவதாக இருந்தது. அதுவும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வகுப்பில் கடைசியாக மிஞ்சியவள் அவள்தான். நூற்றுக்கு நூறு பேருக்கும் வேலை என்று விளம்பரம் போட நினைத்த தரகருக்கு அவள் ஒருத்தி இடித்தாள்.

"இப்போதைக்கு என் ஆபீஸ்லயே உக்காரும்மா. ஒரே வருஷம். அப்புறம் நானே நல்ல கம்பெனியில சேத்துவிடறேன். என் பொறுப்பு."

சரி என்றாள். மறுவாரமே சரக்குக் கம்பெனி வந்தது. ஒரு வேலை கிடைத்தவர் இன்னொரு நேர்முகத்துக்கு உட்காரக் கூடாது என்பது கல்லூரி விதி.

"உனக்குத்தான் கிடைச்சாச்சேம்மா," என்று சிரித்தவர், அந்த நேர்முகத்துக்கு அவளையே நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார்.

ஒரு வருடம் நான்காக நீண்டது. அதே சரக்குக் கம்பெனி மறுபடி வந்தது; இந்த முறை ஓர் அதிகாரி அம்மாள் வந்தார்.

"அனுபவம் உள்ள ஆள் வேணும் சார். உங்க பழைய ஸ்டூடன்ட்ஸ்ல யாராவது? இந்தப் பொண்ணு?"

"இவளா? எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி மேடம். எங்கயும் போக மாட்டா."

"போவேன் மேடம்," என்றாள் அவள்.

தரகர் தண்ணீர் குடித்தார். அம்மாள் அவளை உட்காரச் சொன்னார்.

"நாலு வருஷமா என்ன பண்றீங்க?"

"மத்தவங்களுக்கு வேலை வாங்கிக் கொடுக்கறேன்."

"கிடங்குல, லாரி ஆபீஸ்ல ஏதாவது?"

"இல்ல மேடம்."

"கஷ்டம்மா. அன்னிக்கே வந்திருந்தா பழக்கியிருப்போம்."

அம்மாள் போனதும் தரகர் கதவைச் சாத்தினார்.

"மானத்தை வாங்கிட்டியே. இங்க உனக்கு என்ன குறை? நிழல்ல வேலை, ராஜாத்தி மாதிரி உக்காந்திருக்க."

"அவ்வளவு சுகமான இடம்னா நீங்க ஏன் சார் பெரிய காலேஜுக்கு விண்ணப்பிச்சீங்க? நான்தானே டைப் அடிச்சேன்?"

அவர் முகம் கறுத்தது. "படிச்ச திமிர். உங்க வீட்டுல படிச்ச முதல் தலைமுறையாச்சே, அதான்."

அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகத் தங்கியது. அதைவிடப் பெரிய முள் வேறு. இரண்டாம் வருடமே ராஜினாமாவை எழுதி நீட்டியிருக்கலாம். ஏன் செய்யவில்லை? அவர் பிடித்து வைத்தாரா, அல்லது பிள்ளைக்கு ஆபீசில் வேலை என்று அப்பா தன் கடையில் சொல்லிக்கொண்ட பெருமை பிடித்து வைத்ததா? அவரை வெறுப்பது சுலபமாக இருந்தது. கொஞ்சம் வெறுப்பைத் தனக்கும் ஒதுக்க வேண்டியிருந்தது.

தரகருக்குப் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தது. கடைசி நாள், எல்லோரிடமும் கை குலுக்கியவர் அவளிடமும் வந்தார்.

"அங்க போனதும் உனக்கு ஏதாவது பாக்கறேன்."

"பழைய வாக்கையே நீங்க இன்னும் காப்பாத்தல சார். புதுசு வேண்டாம்."

அவர் கேட்காததுபோல் படியிறங்கினார். மறுவாரம் அவள் ஒரு லாரி ஆபீசில் கடைநிலை குமாஸ்தாவாகச் சேர்ந்தாள், அவளைவிட இளையவன் ஒருவனுக்குக் கீழே. தரகர் தருவதாகச் சொன்ன வேலை மட்டும் இன்றுவரை பாக்கி.